இரண்டு டி.வி.யிலும் ஒன்று

போன வாரம் உங்கள் சர்வீஸ் அறைக்கு வந்தபோது மேஜை மேல் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே நாலு கிராபிக்ஸ் கார்டு, ஒவ்வொன்றும் செங்கல் கனத்தில். உங்களில் ஒருவர் மரியாதையாக எழுந்து நின்று, "மேடம், உங்க காலத்துல ஒண்ணு போடுறதே பெரிய விஷயமா இருந்திருக்கும்ல?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு போட்டோம். போட்டு, ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தோம்.

தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் சர்வீஸ் எஞ்சினியர். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்தவள். மில்லுக்கோ ஆஸ்பத்திரிக்கோ ரிப்பேருக்குப் போனால், வாசலில் நிற்பவர் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். "எஞ்சினியர் பொறவு வாராரா?" என்பார். "வந்தாச்சு" என்பேன். அதற்கும் அவர் இன்னொரு தடவை எட்டிப் பார்ப்பார்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு கோளாறு. கடைக்கு யார் வந்து எதைக் கேட்டாலும் "ஆகும்" என்று சொல்லிவிடுவார். ஆகுமா என்று என்னிடம் கேட்பது அதற்குப் பிறகுதான். பருத்தி மூட்டை நிறுக்கிற தராசைக் கம்ப்யூட்டரோடு சேர்க்க முடியுமா? ஆகும். பத்து வருஷத்துக் கணக்கை ஒரு ஃப்ளாப்பியில் அடைக்க முடியுமா? ஆகும். கஸ்டமர் சந்தோஷமாகப் போனதும் என் மேஜைக்கு வந்து, "ஏம்மா, அது எப்படி ஆகும்?" என்பார். பதற்றம் வந்தால் மட்டும் வீட்டில் பேசுகிற தெலுங்குக்கு மாறிவிடுவார். அவர் தெலுங்கில் பேசத் தொடங்கினால் கடையில் எல்லாரும் கை வேலையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சங்கரலிங்கம் என்பவர் வந்தார். அங்கே பாத்திரக்கடை வைத்திருப்பவர். மகள் கோமதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை செந்தில் ராஜபாளையத்துக்காரர். மதுரையில் ஒரு கல்யாணத்தில் டி.வி.யில் பொண்ணு மாப்பிள்ளை பேரும் சின்ன வயதுப் படங்களும் ஓடியதைச் சங்கரலிங்கம் பார்த்திருக்கிறார். அதே மாதிரி தன் மகள் கல்யாணத்திலும் வேண்டும் என்றார்.

"கோமதி, செந்தில்னு வரணும். அடியில எங்க ஊரு பேரு வரணும். ஆகுமா?"

"ஆகும்" என்றார் முதலாளி.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளையின் அப்பா ராமசுப்பு வந்தார். செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி வைத்திருந்தார். அவர் எங்கள் கடையின் பழைய கஸ்டமர்.

"டி.வியில பேரு ஓடுதாமே. செந்தில், கோமதின்னுதான் ஓடணும். மாப்பிள வீட்டுப் பேரு முன்னால வர்றதுதான முறை. ஊரும் எங்க ஊருதான். ஆகும்ல?"

"ஆகும்" என்றார் முதலாளி.

அவர் போனதும் முதலாளி என் மேஜைக்கு வந்தார். நான் கேட்டேன், "ரெண்டு பேருகிட்டயும் ஆகும்னு சொல்லிட்டீங்களே சார், எந்தப் பேரு முன்னால வரும்?"

"கல்யாணப் பத்திரிகை ரெண்டு அடிக்காங்கள்ல? பொண்ணு வீட்டுப் பத்திரிகையில பொண்ணு பேரு முதல்ல. மாப்பிள வீட்டுப் பத்திரிகையில மாப்பிள பேரு முதல்ல. யாராவது சண்டை போடுதாங்களா? அதே மாதிரி டி.வியும் ரெண்டு வச்சுரு. பொண்ணு வீட்டு ஆளுக உக்கார்ற பக்கம் ஒண்ணு, மாப்பிள வீட்டு ஆளுக பக்கம் ஒண்ணு."

ஒத்துக்கொள்கிறேன், யோசனை நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு டி.வி.க்கு இரண்டு கம்ப்யூட்டர் வேண்டும். கடையில் அந்த வேலைக்குத் தாங்குகிற கம்ப்யூட்டர் ஒன்றுதான் இருந்தது. அப்படியானால் ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு கிராபிக்ஸ் கார்டு போட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு டி.வி.க்குப் படம் அனுப்ப வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. அதற்குச் சில வருஷம் முன்னாலேயே ஒரு மில்லின் டிசைன் அறையில் ஒரு கறுப்பு வெள்ளைக் கார்டையும் ஒரு கலர் கார்டையும் ஒரே பெட்டிக்குள் பார்த்திருக்கிறேன். ஒரு திரையில் எழுத்து, இன்னொன்றில் டிசைன். அவை இரண்டும் வெவ்வேறு ஜாதி என்பதால் ஒன்றின் வேலையில் மற்றது தலையிடாது. இரண்டும் கலர் கார்டு என்றால்தான் சிக்கல். இரண்டும் ஒரே நாற்காலியில் உட்காரப் பார்க்கும். அந்தச் சமயத்தில்தான் இரண்டு கலர் கார்டையும் சேர்த்து மேய்க்கிற சிஸ்டம் சாஃப்ட்வேர் புதிதாக வந்திருந்தது. நான் அதைப் பற்றிப் படித்திருந்தேன். செய்து பார்த்ததில்லை. முதலாளி மதுரைக்குப் போய் டி.வி. வயர் சொருகுகிற மாதிரி கார்டு இரண்டு வாங்கி வந்தார். கடைக்காரரிடம் ஒரே கம்பெனியில் இரண்டு இல்லை என்று வேறு வேறு கம்பெனியில் ஒவ்வொன்று.

அந்தக் கார்டுகளோடு நான் பட்ட பாட்டை உங்களுக்கு விவரிக்கப் போவதில்லை. உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது இல்லாமல் மீதிக் கதை விளங்காது. ஒரு குறிப்பிட்ட கார்டு முதலில் விழித்தால் இரண்டாவதும் விழித்து வேலை செய்யும். இடத்தை மாற்றி மற்றதை முதலாவதாகப் போட்டால், இது விழிக்கவே விழிக்காது. ஆக அந்தப் பெட்டிக்குள் ஒன்று எப்போதும் முதல், மற்றது எப்போதும் இரண்டாவது. அதை மாற்ற முடியாது. எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. இரண்டு படமும் வருகிறது, அவ்வளவுதானே என்று இருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துக்குப் பெட்டியோடு போனோம். மேடைக்கு ஒரு பக்கத்தில் மேஜை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்தேன். இடது புறம் பொண்ணு வீட்டு டி.வி., வலது புறம் மாப்பிள்ளை வீட்டு டி.வி. வயர் இழுத்து முடித்தபோது மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆட்கள் முன்னால் வந்து வசதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து எங்கே மரியாதை குறைந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே வந்தார். சேரைப் பார்த்தார். தண்ணீர் டிரம்மைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த நேரம் பார்த்து, எந்த வயர் எந்த டி.வி.க்குப் போயிருக்கிறது என்று சரிபார்க்க நான் சிஸ்டத்தைக் கேட்டேன். அப்படிக் கேட்டால் அது ஒவ்வொரு திரையிலும் அந்தத் திரையின் எண்ணை முழு உயரத்துக்குக் காட்டும். காட்டியது. பொண்ணு வீட்டு டி.வி.யில் பெரிய ஒன்று. மாப்பிள்ளை வீட்டு டி.வி.யில் பெரிய இரண்டு.

தாய்மாமன் நின்றார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். தேடி வந்தது கிடைத்துவிட்டது.

"ஏம்மா, இது என்ன நம்பரு?"

"சும்மா டெஸ்ட் பண்றேன் சார்."

"டெஸ்ட்டுன்னா அவுகளுக்கு ஒண்ணு, எங்களுக்கு ரெண்டா?"

"அது டி.வியோட நம்பர் சார். வேற அர்த்தம் ஒண்ணும் இல்ல."

"அர்த்தம் இல்லன்னா எங்களுக்கு ஒண்ணப் போட்டுரு."

நான் உடனே பின்னால் போய் இரண்டு வயரையும் மாற்றிச் சொருகினேன். இப்போது மாப்பிள்ளை வீட்டு டி.வி.யில் ஒன்று, பொண்ணு வீட்டு டி.வி.யில் இரண்டு. தாய்மாமன் தலையாட்டினார். சரியாக அந்த நேரத்தில் சங்கரலிங்கம் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார்.

"ஏம்மா, அது என்ன, எங்க பக்கம் மட்டும் ரெண்டுன்னு போட்டிருக்கு?"

அவசரத்தில் ஒருவருக்குச் சாதகமாக எதையாவது மாற்றுவதற்கு முன்னால், மற்றவர் எங்கே நிற்கிறார் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் ஸ்க்ரூ டிரைவருக்கு அடுத்தபடி வேண்டியது அதுதான்.

வயரைப் பழையபடியே மாற்றிச் சொருகினேன். அதன் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். நீங்களும் செய்வீர்கள், செய்யாமல் இருக்க மாட்டீர்கள். உண்மையை விளக்கப் போனேன்.

"சார், உள்ளுக்குள்ள ரெண்டு கார்டு இருக்கு. ரெண்டும் சமம்தான். ஆனா ஒண்ணு முதல்ல முழிக்கணும். அது முழிச்ச பொறவுதான் மத்தது முழிக்கும். அதனாலதான் ஒண்ணு, ரெண்டுன்னு வருது."

தாய்மாமன் அதை நிதானமாக யோசித்தார். "அப்ப, அவிய வீடு முழிச்ச பொறவுதான் எங்க வீடு முழிக்கணுமா?"

"வீடு இல்ல சார், கார்டு."

"யாரு வீட்டு கார்டு?"

பதிலுக்குக் காத்திராமல் தாய்மாமன் வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. மாப்பிள்ளை கார் கோயில் பக்கத்திலிருந்து கிளம்பி வந்ததாம். கடைத்தெரு முனையில் நிறுத்திவிட்டார்களாம். டி.வி. விவகாரம் தீராமல் கார் மண்டபத்துக்கு வராது என்று ராமசுப்பு சொல்லிவிட்டாராம். பேண்டு செட்டு மட்டும் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே வாசித்ததால் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப மண்டபம் வரைக்கும் கேட்டது. பிறகு விசாரித்ததில், மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை செந்தில் திறந்த காரில் ஒரு சைக்கிள் கடை எதிரே உட்கார்ந்திருந்தாராம். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் எல்லாரும் அவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

சங்கரலிங்கமும் விட்டுக்கொடுப்பவராக இல்லை. "டி.விக்குச் சொன்னது நான். மண்டபம் எங்க ஊரு. எங்களுக்கு ரெண்டுன்னா அந்த டி.வியே வேண்டாம்" என்றார். இரண்டையும் எடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். "அது எப்படி? டி.வி வைக்கப் போறோம்னு ஊரு பூராச் சொல்லியாச்சு" என்றார். முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தூணோரமாக நின்று தெலுங்கில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடவுளாக இருக்கலாம், மதுரைக் கடைக்காரராகவும் இருக்கலாம்.

நான் இன்னொரு தடவை விளக்கத் தயாரானேன். இந்தத் தடவை கார்டு என்ற வார்த்தையே வராமல் விளக்குவது என்று முடிவு செய்து, வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. மணப்பெண் கோமதி இறங்கி வந்தாள். தலையில் பாதிப் பூ வைத்திருந்தார்கள், மீதிப் பாதி பின்னால் வந்த அக்காவின் கையில் இருந்தது. அவள் டி.வி.யைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"கார் வந்துருமா அக்கா?"

அவள் சத்தம் போட்டிருந்தால் நான் பழைய விளக்கத்தையே அவளுக்கும் கொடுத்திருப்பேன். அவள் கேட்ட விதம் என்னை யோசிக்க வைத்தது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரமாக நான் அங்கே இருந்தவர்களுக்குக் கம்ப்யூட்டரைப் புரியவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவரும் கம்ப்யூட்டரைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. தாய்மாமனுக்கு வேண்டியது ஒரு ஒன்று. சங்கரலிங்கத்துக்கு வேண்டியதும் ஒரு ஒன்று. சிஸ்டத்திடம் ஒரு ஒன்றுதான் இருந்தது, அது வாஸ்தவம். ஆனால் என்னிடம் எத்தனை வேண்டுமானாலும் இருந்தது.

"வந்துரும். நீ மேல போய் பூ வச்சுக்கோ" என்றேன்.

கம்ப்யூட்டரில் படம் வரைகிற சாதாரணப் புரோகிராமைத் திறந்தேன். சிவப்புப் பின்னணியில் மஞ்சளாகப் பெரிய ஒன்று வரைந்தேன். கொஞ்சம் சாய்ந்துதான் வந்தது. ஓரத்தில் ஒரு பூ போட்டேன். அதையே நகல் எடுத்து இரண்டு டி.வி.யிலும் முழுத் திரைக்கு நிறுத்தினேன்.

தாய்மாமனைக் கூட்டி வரச் சொன்னேன். அவர் வந்தார். வலது டி.வி.யைப் பார்த்தார். நடந்து போய் இடது டி.வி.யைப் பார்த்தார். திரும்பவும் வலது டி.வி.க்கு வந்து, தன் பக்கத்துப் பூ சின்னதாக இல்லையே என்று உறுதி செய்துகொண்டார். சங்கரலிங்கமும் தன் பங்குக்கு ஒரு சுற்று வந்தார்.

"ரெண்டுலயும் ஒண்ணா?"

"ரெண்டுலயும் ஒண்ணுதான் சார்."

"இத முதல்லயே செஞ்சிருக்கலாம்ல. எம்புட்டு நேரம் எங்கள நிக்க வச்சிட்ட" என்றார் தாய்மாமன். பேண்டு சத்தம் நகர்ந்து நெருங்கி வந்தது. பாட்டும் மாறியது.

இதில் ஏமாற்று ஏதாவது இருக்கிறதா என்று உங்களில் யாராவது கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்டிக்குள் நடக்கிறது பெட்டியோடு போகட்டும். திரையில் காட்டுவதுதான் அவர்கள் கேட்டது. அன்றைக்கு ராத்திரி நான் நிம்மதியாகத்தான் தூங்கினேன்.

மறுநாள் காலை முகூர்த்தம். எல்லாம் ஒழுங்காகப் போனது. இடது டி.வி.யில் கோமதி, செந்தில். வலது டி.வி.யில் செந்தில், கோமதி. நடுநடுவே இரண்டு வீட்டுப் பழைய படங்கள் ஓடின. கூட்டம் மேடையை மறந்து டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தது. செந்தில் சின்ன வயதில் மொட்டைத் தலையோடு அழுகிற படம் வந்தபோதெல்லாம் பொண்ணு வீட்டுப் பக்கம் ஒரே சிரிப்பு. முதலாளி வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் தெளிக்கச் சொல்லவில்லை.

புரோகிதர் தாலித் தட்டைச் சபைக்கு அனுப்பி ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது.

எனக்குப் பயம் இல்லை. மேஜைக்கு அடியில் யு.பி.எஸ். வைத்திருந்தேன். கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் ஓடத் தொடங்குகிற வரைக்கும் அது கம்ப்யூட்டரைத் தாங்கும். ஆனால் அது எடுத்த எடுப்பிலேயே ஒரு நீள ஊளை விட்டுவிட்டு அடங்கிவிட்டது. குனிந்து பார்த்தேன். யு.பி.எஸ்.ஸின் பின்பக்கத்தில் நான் சொருகாத ஒரு பிளக். அந்த வயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனேன். மேடைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்காக வைத்திருந்த ஆளுயர ஃபேனில் போய் முடிந்தது. அதையும் சேர்த்து இழுக்க யு.பி.எஸ்.ஸுக்குத் தெம்பு கிடையாது. ஃபேனுக்கு நேர் எதிரே தாய்மாமன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு விட்டத்தைப் பார்த்தார்.

ஜெனரேட்டர்காரர் இழுத்து இழுத்துப் பார்த்து ஒரு வழியாக ஓட்டினார். விளக்கு வந்தது, டி.வி. வந்தது, கம்ப்யூட்டரும் தானாகவே எழுந்திருக்க ஆரம்பித்தது. அப்போதுதான் நான் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. எழுந்திருக்கும்போது முதல் கார்டு மட்டும்தான் விழித்திருக்கும். சிஸ்டம் முழுசாக வந்த பிறகுதான் இரண்டாவது. அதனால் பொண்ணு வீட்டு டி.வி.யில் கறுப்பு, அதன் மேல் வரிவரியாக வெள்ளை எழுத்து. மாப்பிள்ளை வீட்டு டி.வி. வெறும் இருட்டு.

வலது பக்கத்துக் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. "அவியளுக்கு வந்துட்டு பாரு. நமக்கு வரல." ராமசுப்பு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

அத்தோடு விட்டதா? கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்தாமல் கரண்ட் போய்விட்டால், மறுபடி வரும்போது அது ஒரு நீலத் திரை காட்டும். உன் டிஸ்க்கில் தப்பு இருக்கலாம், சோதிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லும். இடது டி.வி.யில் அந்த நீலம் வந்தது. முன்வரிசையில் வன்னியம்பட்டியிலிருந்து வந்திருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். சங்கரலிங்கத்தின் சித்தப்பா. டி.வி.யில் எழுத்து வந்தால் படித்துச் சொல்வது தன் கடமை என்று நினைப்பவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வகுப்பில் படிக்கிற மாதிரி உரக்கப் படித்தார். ஒரு வார்த்தையை மட்டும் அழுத்திப் படித்தார். "எரர்."

"அப்படின்னா என்ன சித்தப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தப்பு இருக்குதாம். ஒண்ணு இருக்கலாமாம், நிறையவும் இருக்கலாமாம்."

தாலித் தட்டு மேடைக்குத் திரும்பிவிட்டது. புரோகிதர் மேளக்காரர்களைப் பார்த்துக் கையைத் தூக்கப் போகிறார். இடது பக்கம் கல்யாணத்தில் தப்பு இருக்கிறது என்று டி.வி. சொல்கிறது. வலது பக்கம் டி.வி.யே இல்லை. சோதனை முடிய இன்னும் செத்த நேரம் ஆகும். அந்தச் செத்த நேரத்துக்குள் மேடையில் என்ன வேண்டுமானாலும் நடக்கும்.

என் முன்னால் மேஜை மேல் ஒரு ஸ்விட்ச் பலகை. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்விட்ச், இரண்டு டி.வி.க்கும் அதிலிருந்துதான் லைன். என் கை நேரே இடது ஸ்விட்சுக்குப் போனது. தப்பு என்று காட்டுகிற டி.வி.யைத்தானே முதலில் அணைக்க வேண்டும். கை வைத்த பிறகு நின்றுவிட்டேன். இதை மட்டும் அணைத்தால், முகூர்த்த நேரத்தில் பொண்ணு வீட்டு டி.வி.யை அணைத்துவிட்டாள், மாப்பிள்ளை வீட்டு டி.வி.யை விட்டுவிட்டாள் என்று ஆகும். அது இருட்டாகத்தான் இருக்கிறது என்பதை யார் யோசிப்பார்கள்? அதை முன்னால் அணைத்து இதை அப்புறம் அணைத்தால், அது இன்னொரு பஞ்சாயத்து.

இரண்டு உள்ளங்கையையும் பலகை மேல் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினேன்.

இரண்டு டி.வி.யும் ஒன்றாக அணைந்தன. ஹெட்மாஸ்டர் பாதி வரியில் நிறுத்தினார். பார்க்க ஒன்றும் இல்லாமல் போனதால் மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் மேடைக்குத் திரும்பியது. மேளம் கொட்டியது. செந்தில் தாலி கட்டினார். முன்னூறு தலைக்கு மேல் பறந்த அட்சதையில் பாதி என் மேஜை மேல் விழுந்தது. கீபோர்டுக்குள் போன அரிசியை எடுக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

கோளாறு வந்தால் சரிசெய்யத்தான் நமக்குக் கை பரபரக்கும். அது நம் படிப்பு. ஆனால் எல்லாக் கோளாறையும் எல்லார் முன்னாலும் சரிசெய்ய வேண்டியதில்லை. சில நேரம் அணைத்து வைப்பதுதான் நாம் செய்யக்கூடிய நல்ல வேலை. அணைப்பதிலும் எதை, எதோடு சேர்த்து அணைக்கிறோம் என்பது இருக்கிறது. அன்றைக்கு நான் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மூச்சு இருக்கும். அந்த ஒரு மூச்சுக்கு உங்களுக்கும் இடம் வேண்டும். அதனால்தான் ஸ்விட்ச் பலகையை எப்போதும் உங்கள் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள் என்று சொல்கிறேன்.

தாலி கட்டி முடிந்ததும் சங்கரலிங்கம் என் மேஜைக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏம்மா, முகூர்த்த நேரத்துல எங்க டி.வி ஏன் நின்னுச்சு?"

"கரண்ட் போயிருச்சு சார். அதுல நின்னுருச்சு."

"அவிய டி.வி?"

"அதுவும்தான்."

"எப்ப?"

"ரெண்டும் ஒரே நேரத்துல சார்."

"நல்லாப் பாத்தியா?"

"நான்தான் சார் பக்கத்துல இருந்தேன்."

அவர் கொஞ்ச நேரம் வலது டி.வி.யையே பார்த்துக்கொண்டு நின்றார். கடுகடுப்பு இறங்கியது. "அப்பச் சரி. சாப்புடாமப் போயிராத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தூணைத் தாண்டுவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ராமசுப்பு வந்தார். அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"அவியளுக்கும் ஓடலைல்ல?"

"ஓடல சார்."

"அது போதும்" என்றார்.

முதலாளி அதற்குள் மதுரைக் கார்டு இரண்டையும் கழற்றிப் பையில் வைத்துவிட்டார். வயரைச் சுருட்டி முடித்துவிட்டு நானும் சாப்பிடப் போனேன். பந்தியில் சங்கரலிங்கமும் ராமசுப்புவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவர்கள் நேருக்கு நேர் ஒரு வார்த்தைகூடப் பேசி நான் பார்க்கவில்லை. இப்போது சாம்பாரை இலையில் ஆறவிட்டு, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன அவ்வளவு சுவாரசியம் என்று கிட்டே போய்க் காது கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ஜெனரேட்டர்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த தாய்மாமன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டினார்.

சம்பந்திகளாக அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. நான் பேசாமல் இலையில் உட்கார்ந்து பாயசம் வாங்கிக்கொண்டேன்.